மடை திறக்கிறவரைக் கேட்டீர்களா?

(பரவையில் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு காரியம் இப்போது ஊரெங்கும் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கையில் அட்டை கொடுத்து ஊர்வலம் விடுகிறார்கள். மரம் நடு, குப்பை போடாதே, நீரைச் சேமி என்று சுவரில் எழுதுகிறார்கள். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் யாருக்குச் சொல்கிறார்கள்? குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிற பெண்ணுக்குச் சிக்கனம் சொல்லித்தர வேண்டியிருக்கிறதா?

ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது, படித்தவர் சொன்னால் தெரிந்துகொள்வார்கள், தெரிந்துகொண்டால் இயற்கை பிழைத்துவிடும். இதுதான் இந்தப் பிரச்சாரத்தின் அஸ்திவாரம். அஸ்திவாரமே ஆட்டம். பறவையை ஆராய விஞ்ஞானம் இருப்பதுபோல, நிலம் யாரிடம் இருக்கிறது, நீர் யார் கையில், கூலி யார் கொடுக்கிறார், சபையில் யார் பேச்சு எடுபடுகிறது என்று ஆராயவும் விஞ்ஞானம் இருக்கிறது. அதுதான் சமுதாய விஞ்ஞானம். அது இல்லாமல் ஒரு கண்மாயைக்கூடக் காப்பாற்ற முடியாது என்பது என் அபிப்பிராயம்.

கண்மாயையே எடுத்துக்கொள்வோம். எந்த மடை எத்தனை வயலுக்குப் பாயும், கரை எந்த இடத்தில் கசியும், வரத்துக்கால் எங்கே தூர்ந்துபோயிற்று, இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நீர்பாய்ச்சிக்குத் தெரியும். பல ஊர்களில் அவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட ஜாதியைச் சேர்ந்தவர். அறுவடையின்போது கதிரோ நெல்லோ கூலியாக வாங்கியவர். கண்மாயைப் பற்றிக் கூட்டம் போட்டால் அவர் ஓரமாக நிற்பார். நாற்காலியில் இருப்பவர்கள் பேசுவார்கள். தெரிந்தவரை விட்டுவிட்டுத் திட்டம் போட்டால் அது எப்படி உருப்படும்?

அந்தக் காலத்தில் ஊர் கூடிக் குடிமராமத்துச் செய்தது, அந்த ஒற்றுமை போயிற்றே என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. 1858-ல் வெள்ளைக்காரச் சர்க்கார் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. கரை உடைப்பெடுக்காமல் தடுக்கவும், வழக்கமான பாசன வேலைகளுக்கும் ஆளைப் பிடித்துவர அதிகாரம். வரமாட்டேன் என்றால் தண்டனை. மனமொப்பி மண் சுமந்தவரும் உண்டு; மிரட்டலுக்குப் பயந்து சுமந்தவரும் உண்டு. பெருமூச்சு விடுகிறவர்களின் பாட்டனார் கூடை சுமந்தாரா, குடை பிடித்துக்கொண்டு நின்றாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்!

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாதம் இருக்கிறது. பொதுச் சொத்து என்றால் அதை ஜனங்களே அழித்துவிடுவார்கள், ஆகவே ஒன்று சர்க்கார் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது தனியாருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிற வாதம். 1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியல் பேராசிரியர் எழுதிய கட்டுரை இதற்குப் பெரிய ஆதாரமாயிற்று. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் நடப்பு என்ன என்று தேடினார். ஸ்பெயின் தேசத்து வாய்க்கால்கள், ஜப்பான் கிராமங்களின் மலைக்காடுகள், பிலிப்பைன்ஸ் பாசனச் சங்கங்கள் பற்றிய விவரங்களைச் சேகரித்துப் பரிசீலித்தார். அனுபவிக்கிறவர்களே விதி வகுத்து, அவர்களே காவல் பார்த்த இடங்களில் பொதுச் சொத்து நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்திருப்பதைக் காட்டினார். 2009-ல் பொருளாதார நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

வெளிநாடு எதற்கு, நம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி இருக்கிறதே! சமணர் படுக்கை, பழைய தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில், குன்றின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் கண்மாய்கள், ராஜாளி, கழுகு, எறும்புதின்னி, தேவாங்கு எல்லாம் உள்ள இடம். சுமார் 250 வகைப் பறவைகளை அங்கே கணக்கெடுத்திருக்கிறார்கள். கிரானைட் வெட்டு மேலூர் வட்டாரத்துக் குன்றுகளையும் கண்மாய்களையும் என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். கூலி கிடைத்தது, பொய் சொல்ல வேண்டாம். கூடவே வரத்துக்காலும் போயிற்று. அரிட்டாபட்டி ஜனங்கள் தங்கள் குன்றைக் கொடுக்க மறுத்து நின்றார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேரைச் சர்க்கார் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது.

இரண்டே வருஷம். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் என்று 2,015 ஹெக்டேரை ஏலம் விட்டு, இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததாக மத்தியச் சர்க்கார் அறிவித்தது. பாரம்பரியத் தலமும் அதற்குள்ளே! எதிர்ப்புக் கிளம்பியதும், தலம் பத்தில் ஒரு பங்குதானே, எல்லையை மறுபடி பரிசீலிக்கலாம் என்று ஆரம்பித்தார்கள். ஜனங்கள் ஏமாறவில்லை. குன்றில் விழுகிற மழை, வரைபடத்துக் கோட்டைப் பார்த்தா நிற்கிறது? மீதி ஒன்பது பங்கில் வயலும் வீடும் கோயிலும் மேய்ச்சலும் இருக்கின்றன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டசபை தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ந் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கான பேர் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தாயிற்று.

ராஜாளிக்காக மட்டும் அத்தனை ஜனம் நடந்திருக்குமா? நடந்திராது. ராஜாளியும் வயலும் ஒரே குன்றின் தயவில் பிழைக்கின்றன என்று தெரிந்ததால் நடந்தார்கள். பறவையை எண்ணியவர்களின் கணக்கு அவர்களுக்குக் கையில் ஆயுதமாயிற்று. பாரம்பரியத் தலம் என்றால் ஊரார் வழக்கமாக அனுபவித்து வருவதைத் தடுப்பதற்கு அல்ல என்று அதற்கான வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. வேலி போட்டு ஆட்டுக்காரரை விரட்டுகிற பாதுகாப்பு வேறு, இது வேறு.

கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு அணைப் பிரச்சினையிலும் இதே பாடம் உண்டு. 1962-ல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், காட்டின் அழகை மட்டும் பாடவில்லை. உயிரியலாளர், எஞ்சினீயர், பொருளாதாரம் படித்தவர் ஒன்றாக உட்கார்ந்து, மலபாருக்கு மின்சாரம் வேண்டாமா, வேலை வேண்டாமா என்ற கேள்விக்கும் கணக்குப் போட்டுப் பதில் சொன்னார்கள். 1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. உழைப்பாளியின் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறவன்தான் உழைப்பாளியிடம் பேச முடியும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். 2002-ல் வந்த பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி மன்றத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள், 18 சதவிகிதத்துக்குக் குறையாமல் தாழ்த்தப்பட்ட ஜனங்களும் பழங்குடிகளும் இருக்க வேண்டும் என்று 2004-ல் விதி எழுதினார்கள். ஜனங்களைக் கேட்டு, ஊரின் மீன், நாணல், மூலிகை, மரம், நீர் எல்லாவற்றையும் எழுதுகிற மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றையும் அந்தக் குழு வைத்திருக்க வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்தது. கெடு நெருங்கியதும் பல இடங்களில் யாரையும் கேட்காமலே அவசரமாக எழுதி முடித்தார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. நம் மன்றத்துப் பதிவேட்டை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? அதற்காக யாராவது உங்களைக் கேட்டார்களா?

மில் தோழர்கள், இது சம்சாரி சமாச்சாரம் என்று எழுந்துபோய்விட வேண்டாம். உங்கள் நெஞ்சுக்குள் போகிற பஞ்சுத் தூசியும் சுற்றுச்சூழல்தான். ஆலைக் கழிவு எந்தச் சாக்கடை வழியாக எங்கே போய்ச் சேருகிறது என்பது உள்ளே வேலை செய்கிறவருக்குத் தெரிவதுபோல எந்த அதிகாரிக்குத் தெரியும்? எழுதப் படிக்கத் தெரிந்த நீங்கள் நோட்டுப் புத்தகம் எடுங்கள். வயலில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

முதலில் குழுவின் உறுப்பினர் பட்டியலையும் பதிவேட்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்போம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வரத்துக்கால் நெடுகக் கூட்டாக நடப்போம். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு, எது எந்த வருஷத்திலிருந்து என்று எழுதுவோம். பிறகு கரையில் உட்கார்ந்து தரையில் கண்மாய்ப் படம் வரைவோம். இப்படித் தரையில் படம் வரைந்து ஊரைத் தெரிந்துகொள்ளும் முறை எத்தனையோ கிராமங்களில் நடந்திருக்கிறது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெண்கள் கோலப்பொடி கொண்டுவாருங்கள். விறகு பொறுக்கிய இடம், கீரை பறித்த இடம் உங்களுக்குத்தான் தெரியும். முதல் கோட்டை நீர்பாய்ச்சியே போடட்டும்.