ஏதிலியர்க்கு ஆற்றாத கடன்



1983 சூலையில் இலங்கையிலே தமிழர் இல்லங்கள் எரியூட்டப்பட்டபின், பாக்கு நீரிணை கடந்து தமிழகக் கரையேறியோர் பல்லாயிரவர். 2012 வரை வந்தோர் தொகை 3,04,269 என அரசு கணக்குரைக்கிறது. மண்டபத்திற் பதிவு, பின்னர்ப் பல மாவட்டங்களில் முகாம். அரிசி தந்தனர், உதவித்தொகை தந்தனர். பசித்தவனுக்கு அவை சிறியன அல்ல. 2021-இல் தமிழக அரசு, குடும்பத்தலைவர்க்குத் திங்கள்தோறும் வழங்கிய 1,000 உருபாவை 1,500 ஆக்கிற்று; பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாய்க் கட்டித்தரவும் முன்வந்தது. முகாம்களின் பெயரும் மறுவாழ்வு முகாம் என மாறிற்று. அகதி என்னும் வடசொல் பெயர்ப்பலகையினின்று அகன்றதும் ஒரு நன்மையே!

ஆயின், பெயர் மாறிய அம்முகாமிற் பிறந்து, தமிழகப் பள்ளியிற் பயின்று, பட்டமும் பெற்ற இளைஞன் நிலை மாறிற்றா? 1987 சூலை முதல்நாள் தொட்டு இந்தியாவிற் பிறந்தவர்க்குப் பிறப்பிடம் மட்டும் குடியுரிமை தாராது. பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியினராயிருத்தல் வேண்டும். அவன் பெற்றோர் இருவருமே ஏதிலியர். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்றையே குறித்தது, இலங்கையை விட்டுவிட்டது. 2025-இல் நடுவணரசு, 2015 சனவரி 9 வரை வந்து பதிந்துள்ள இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டின்மைக்கான தண்டனையினின்று விலக்களித்தது. தண்டியாமை வேறு, குடியுரிமை வேறு. வாக்குரிமையும் இந்தியக் கடவுச்சீட்டும் அவ்விளைஞனுக்கு இன்றும் எட்டாதவை.