பாட்டும் கூலியும்

(வடுகபட்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில், ஊர் ஊராய்ச் சென்று பாடும் பாட்டுக்காரர் ஒருவர் பேசியது)



எனக்கு முன் பேசிய தோழர்கள் என்னை வெகுவாகப் புகழ்ந்து, எனக்கு ஏதோ "வரம்" கிடைத்திருப்பதாகவும் சொன்னார்கள். அன்பினால் சொன்னதை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனாலும் அந்த வரம் என்கின்ற வார்த்தையில்தான் என் போன்றவர்களுடைய கஷ்டமெல்லாம் அடங்கியிருக்கிறபடியால், அதைப் பற்றியே இன்று சிறிது பேசலாமென்றிருக்கிறேன். நான் சொல்லுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்து, சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சினிமாவில் பாடுகிறவனல்ல. எந்தக் கம்பெனியிலும் சம்பளம் வாங்குகிறவனுமல்ல. நானே பாட்டுக் கட்டி, நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஆர்மோனியம், கித்தார், தவில், பறை இவைகளை ஒரு வேனில் ஏற்றி, கூப்பிட்ட ஊருக்குப் போய்ப் பாடிப் பிழைக்கிறவன். இருபது வருஷமாய் இதுதான் ஜீவனம்.

உங்கள் ஊர் பூண்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். மூட்டை கொண்டு வந்த விவசாயியிடம், "இது பூமாதேவி கொடுத்த வரம், இதற்கு விலை கேட்கலாமா? ஒரு பொன்னாடை போர்த்துகிறோம், சந்தோஷமாய்ப் போய் வா" என்று எந்த வியாபாரியாவது சொல்லுவானா? சொன்னால் அவர் மூட்டையைத் திருப்பிக்கொண்டு போகமாட்டாரா? ஆனால் பாட்டுக்காரனிடம் இதைத்தான் சொல்லுகிறார்கள். "உங்கள் கலைக்கு விலை ஏது?" என்பார்கள். அதற்கு அர்த்தம் விலை கொடுக்கமாட்டோம் என்பதுதான். என் வீட்டில் இரண்டு பெட்டி நிறையப் பொன்னாடை இருக்கிறது. அதைக் கொண்டுபோனால் மளிகைக் கடைக்காரர் கால் படி அரிசி கொடுப்பதில்லை.

"பாட்டைப் பதிந்து விட்டால் பணம் வராதா?" என்று கேட்கலாம். இப்பொழுது எல்லோரும் கைப்பேசியில் பாட்டுக் கேட்கிறார்கள். என்னைப் போல் சொந்தமாய்ப் பாட்டு வெளியிடுகிறவனுக்கு ஆயிரம் பேர் கேட்டு வரும் காசு ஒரு நாள் குடும்பச் செலவுக்குக் காணாது. ஆதலால் நேரில் போய்ப் பாடினால்தான் அடுப்பெரியும்.

அந்த நேரில் பாடுவது எப்படி நடக்கிறது? ஏழு மணிக்குக் கச்சேரி என்பார்கள். நாங்கள் நாலு மணிக்கே போய் மைக் செட்டைச் சரி பார்த்து உட்கார்ந்திருப்போம். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராய் வந்து பேசி முடிக்க ஒன்பதரையாகும். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, விசேஷ அனுமதி இல்லாவிட்டால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி போடக்கூடாது. அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவோம். பிறகு, "பாடியது அரை மணி நேரந்தானே?" என்று பேசிய தொகையில் பாதியைக் கொடுப்பார்கள். நேரத்தைத் தின்றவர்கள் ஒருவர், கூலியை இழக்கிறவர் வேறொருவர்!

வரம் என்ற பேச்சுக்கு இந்தச் சீமையிலேயே பதில் இருக்கிறது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் தம்பிமார்களுடன் ஊர் ஊராகப் பாடினார். 1958-ல் மலைக்கு மேலே தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலிலும் அவர் பாட்டு முழங்கியது. அவருடன் போன தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா. அவர் பத்து வருஷ காலம் மேடைகளில் வாசித்து, பின்பு தாயார் வீட்டு ரேடியோவை விற்றுக் கொடுத்த பணத்துடன் சென்னைக்குப் போய், தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்து, 1976-ல்தான் "அன்னக்கிளி" படத்துக்கு இசையமைத்தார். அவருக்குப் பக்தி உண்டு, அது அவர் இஷ்டம். நான் சொல்லுவதெல்லாம், பத்து வருஷ உழைப்பைப் பார்க்காமல் வரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், உழைத்தவனை நாம் கௌரவித்ததாகுமா என்பதே.

தோழர்களே! இனி என் தப்பைச் சொல்லுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஊரில் பாடினோம். ஊர் பேர் வேண்டாம், அப்படிப்பட்ட ஊர் ஒன்றல்ல. பாட்டு முடிந்ததும் எங்களை வீட்டுக்குள் அழைத்து இலை போட்டார்கள். பறை அடிக்கும் தம்பிக்கு மாத்திரம் பொட்டலம் கட்டி, வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பினார்கள். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஏன்? பணம் இன்னும் கைக்கு வரவில்லை. எழுந்து கேட்டால் ஐந்து பேர் கூலியும் வேன் வாடகையும் போய்விடுமே என்ற பயம். திரும்பி வரும்போது அந்தத் தம்பி, "அண்ணே, பறைய மேடையில வச்சீங்க, என்னைய மரத்தடியில வச்சுட்டீங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் எங்களுடன் வரவில்லை.

மேடையில் மனிதர் எல்லாரும் ஒன்று என்று பாடிவிட்டு வந்து, பந்தியில் வாயை மூடிக்கொண்ட எனக்குப் பாட என்ன யோக்கியதை இருக்கிறது? பல நாள் யோசித்ததில் ஒன்று விளங்கிற்று. கூலி பிறர் கையில் இருக்கிற வரையில் மானமும் பிறர் கையில்தான் இருக்கும்.

இது புதிய சங்கதியல்ல. 1930-க்குச் சமீபத்தில் செட்டிநாட்டுக் காணாடுகாத்தானில், சிவக்கொழுந்து என்கின்ற நாதஸ்வரக்காரர் தோளில் துண்டு போட்டு வாசித்தார் என்பதற்காக அதை எடுக்கச் சொன்னார்கள். பட்டுக்கோட்டை அழகிரிசாமி துணை நின்று, எடுக்காதே என்றார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, ஷெர்வானி போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்து, நாதஸ்வரக்காரனுக்கும் ஆசனம் உண்டென்று காட்டினார். ஆனால் எல்லோரும் ராஜரத்தினம் ஆக முடியுமா? தனி மனிதர் கீர்த்தியால் வரும் மரியாதை அவரோடு போய்விடும். சாதாரணப் பாட்டுக்காரனுக்கு வேண்டியது ஏற்பாடு.

மேல்நாட்டில் அதைத்தான் செய்தார்கள். இங்கிலாந்தில் 1893-லேயே வாத்தியக்காரர்கள் சங்கம் வைத்தார்கள். அமெரிக்காவில் இசைத்தட்டு வந்து நேரில் வாசிக்கிறவர்கள் பிழைப்பைக் கெடுத்தபோது, அவர்கள் சங்கம் 1942-ல் தட்டுக்கு வாசிக்கமாட்டோமென்று நிறுத்தி, 1944 வரையில் போராடி, விற்கும் தட்டுகளுக்குக் கம்பெனிகள் சங்கத்து நிதிக்குப் பணம் கட்டும்படி செய்தது. அந்தப் பணத்தில் வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுத்து, ஜனங்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தினார்கள். நம் நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்து கொள்ளாதவர்கள் பதிந்து கொள்ளுங்கள். ஆனால் வாரியம் வந்து பந்தியில் நமக்காகப் பேசாது. அதை நாம்தான் பேச வேண்டும்.

ஆகவே நான் ஒரு காகிதம் எழுதி வைத்திருக்கிறேன். பாதிப் பணம் முன்பணம். மீதி மேடை ஏறுவதற்கு முன். எங்களால் அல்லாமல் நேரம் குறைந்தால் கூலி குறையாது. சாப்பாடு போட்டால் ஐந்து பேருக்கும் ஒரே பந்தியில், ஒரே மாதிரி இலை. இதற்குச் சம்மதிக்காத இடத்துக்கு வருவதில்லை. இதனால் எனக்குப் பல கச்சேரிகள் போய்விட்டன. அந்த நஷ்டத்தை மறைக்கவில்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அந்தத் தம்பி வீட்டுக்குப் போய் என் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் படித்துப் பார்த்து, "இத மொதல்லயே எழுதியிருக்கலாமேண்ணே" என்றார். அவ்வளவுதான். இதோ பறையைக் காய்ச்சிக்கொண்டு மேடைக்குப் பின்னால் அவர் நிற்கிறார்.

இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர்கள் காகிதத்தில் கண்டபடி எல்லாம் செய்துவிட்டார்கள். நான்தான் இப்போது பேச்சுப் பேசி, பாட்டு நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறேன். மணி எட்டே முக்கால். பத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். ஆதலால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.