திங்களுக்கு ஒரு சொல்
(அவலூர்பேட்டையில் ஆற்றிய உரை)



"இன்றுமுதல் தனித்தமிழே பேசுவேன்" என மேடையிற் சூளுரைப்போர், படியிறங்கும்போதே "டைம் ஆச்சு" என்பர். நாவில் ஊறிய பழக்கம் ஒருநாட் சூளுரையால் மாறாது.

1916-இல் தனித்தமிழ் இயக்கங் கண்ட மறைமலையடிகள், தம்மையே முதலில் திருத்தினார். 'வேதாசலம்' என்னும் தம் பெயரை 'மறைமலை' ஆக்கினார். தம் 'ஞானசாகரம்' இதழை 'அறிவுக்கடல்' ஆக்கினார். மகளார் நீலாம்பிகையார் 'வடசொல் தமிழ் அகரவரிசை' தொகுத்தார். சொல் சொல்லாகவே அம்மாற்றம் நிகழ்ந்தது.

நாமும் திங்களுக்கு ஒரு சொல் மேற்கொள்வோம். தையில் 'சாதம்' விடுத்துச் 'சோறு' என்போம். நம் வயலில் விளைந்ததை நம் சொல்லால் அழைக்க நாணுவதேன்? மாசியில் 'லீவு' போய் 'விடுமுறை' வரட்டும். அச்சொல்லை அடுப்பங்கரைச் சுவரில் எழுதுங்கள். தவறியவரை எள்ளாதீர், தமிழ்ச்சொல்லை ஒருமுறை சொல்லச் செய்யுங்கள். ஒருநாள் பிழைத்தால் கைவிடாதீர், மறுநாள் தொடருங்கள்.

ஆண்டுக்கு 12 சொல், ஐந்தாண்டில் 60. சிறிதென எண்ணாதீர். நம் குழந்தைகள் நாள்தோறும் கேட்டு வளர்பவை இச்சொற்களே. அரசாணை தெருப்பலகையைத் திருத்தும். அடுப்பங்கரையைத் திருத்த வேண்டியவர் நாமே.

வாழ்க தமிழ்!