காலுக்குக் காவல் — கருத்துக்கு?



நாடகம் எழுதுபவன் நான். எனினும் இன்று நான் காட்டப்போகும் காட்சி கற்பனையன்று. 1993-ஆம் ஆண்டு, இங்கிலாந்து நாட்டு உயர்நீதிமன்றத்திலே நடந்தது.

பிராட்மூர் என்றொரு மருத்துவமனை. பெயர்தான் மருத்துவமனை, மதிலோ சிறைமதில்! குற்றம் புரிந்த மனநோயாளரை அங்கே அடைத்து வைத்து மருத்துவம் பார்ப்பர். அங்கிருந்தார் 68 வயது முதியவர் ஒருவர். நீதிமன்றம் அவர் பெயரை வெளியிடவில்லை; 'சி' என்று மட்டுமே குறித்தது. உலகப் பெரும் மருத்துவர் தாமே என்ற நினைப்பு அவருக்கு. (அந்த நினைப்பு, அடைபடாத சிலருக்கும் உண்டு!) அவருடைய பாதம் அழுகிற்று. "முழங்காலுக்குக் கீழே வெட்டாவிடில், பிழைக்க வழி 100-க்கு 15 தான்" என்றார் அறுவை மருத்துவர். "வெட்ட விடேன்" என்றார் முதியவர்.

பித்தன் பேச்சென்று தள்ளிவிட எவ்வளவு நேரமாகும், தோழர்களே? தள்ளவில்லை நீதிபதி தோர்ப். மருத்துவர் கூறுவது இவருக்கு விளங்கி நினைவிலே நிற்கிறதா? அதை நம்புகிறாரா? சீர்தூக்கி முடிவெடுக்க இயலுகிறதா? மூன்றையும் ஆராய்ந்தார். ஆற்றல் உண்டு என்று கண்டார். எழுத்து மூலம் அவர் இசைந்தாலன்றி, இன்றும் இனி என்றும் அந்தக் காலை வெட்டலாகாது என்று ஆணையிட்டார்.

கைதட்டுகிறீர்கள்! சற்றுப் பொறுங்கள், திரை இன்னும் விழவில்லை.

அதே மனிதர், அதே மதில், அதே மூளை. காலுக்கு அல்ல, மனநோய்க்கு மருந்து என்றால்? குறுக்கே வந்து நின்றது 1983-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்! அடைபட்டவர் வேண்டாமென்றாலும் மருந்து தரலாம் என்றது. முதல் மூன்று மாதம் கேள்வியே இல்லை. அதன்பின், ஒன்று அவர் இசையவேண்டும். இல்லையேல் வெளியிலிருந்து வரும் மருத்துவர் சான்றெழுத வேண்டும். அவர் எழுதிவிட்டால், எத்துணைத் தெளிவோடு மறுத்தாலும் அந்த மறுப்பு காற்றோடு போயிற்று!

கட்டாய மருந்தே கூடாதென வாதாட வந்தவனல்லன் நான். நோய் முற்றிய மகனைக் கண்காணித்து இரவெல்லாம் விழித்திருக்கும் தாயின் துயரை அறிவேன். ஆனால், மூளையை அறுக்க வேண்டுமாயின் நோயாளியின் இசைவும் வேண்டும், வெளியார் சான்றும் வேண்டும் என்று இரட்டைப் பூட்டுப் போட்டதும் அதே சட்டந்தானே! மின்அதிர்ச்சியைத் தெளிவோடு மறுப்பவருக்கு, அவசரநிலை தவிர, அதைத் தரலாகாது என்றது 2007-ஆம் ஆண்டுத் திருத்தம். கத்திக்குக் கேட்கிறாய், மின்சாரத்துக்குக் கேட்கிறாய். நாவை உலர்த்தி, கையை நடுக்கி, உடலைப் பருக்க வைக்கக்கூடிய மருந்துக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

மறுப்பை மீறிச் சான்றெழுதும் மருத்துவர், காரணத்தை நோயாளிக்கு எழுத்திலே தரவேண்டும் என்று 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. நன்று! ஆனால் அந்த மருத்துவர் வருவதற்கே மூன்று மாதம் கழியவேண்டுமே! தோர்ப் கேட்ட மூன்று கேள்விகளை, மருந்தோடு வருபவர் முதல் நாளே கேட்கட்டும். மறுப்புத் தெளிவானதென்றால், வெளி மருத்துவரை அந்த வாரமே அழைக்கட்டும்.