சிரிப்பு நின்ற இடம்

(தூத்துக்குடி ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நாங்கள் சிலர் கூடி, புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை ஆளுக்கொரு பக்கமாக உரக்க வாசித்தோம். 1943-இல் வெளிவந்த கதை. கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். கதை கட்டிப் பிழைப்பவன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். எல்லாரும் சிரித்தோம். மனைவி வேலைக்கு வைத்துக்கொண்ட பெண்ணைக் கண்டு அவர் அஞ்சத் தொடங்கியதும் அறை அடங்கிவிட்டது. பொய்யே தொழில் என்றவரை இப்போது நம்புவதா, வேண்டாமா? பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பு சட்டென்று நிற்பது காதில் விழும்போதுதான் இந்தக் கண்ணி நன்றாகத் துலங்குகிறது.

பிறகு வாக்குவாதம்: காஞ்சனை பேயா, மனப்பிரமையா? முத்துக்குளித்த குடும்பத்து ஆசிரியை ஒருவர் கடல்கட்டியைப் பற்றிச் சொன்னார். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுபவர் அவர். “அதை நம்பினீர்களா?” என்றால் தாத்தா சிரிப்பாராம். ஆனால், கடல்கட்டி ஓதாமல் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லையாம். அதன்பின் பேயா, பிரமையா என்று யாரும் கேட்கவில்லை.

கதை முடிந்த கையோடு ‘இதன் நீதி என்ன?’ என்று கேட்பது நம் பழக்கம். இப்படிப்பட்ட கதை அந்தக் கேள்வியில் செத்துப்போகும். மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ‘சிரிப்பு எந்த வரியில் நின்றது?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு வரியைக் காட்டுவார்கள், அவர்களே வாதாடுவார்கள். (இதற்கு மதிப்பெண் கிடையாதுதான்.)

அடுத்த மாதம் அவருடைய ‘செவ்வாய் தோஷம்’. ரத்தக் காட்டேரிக் கதை. வாசித்து முடிக்க இருட்டிவிடும். தொலைவில் இருந்து வருவோர் துணையோடு வாருங்கள்.