ஆல்கோ எஞ்சினும் நம் நிழற்படங்களும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் அரைமணி நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, சிலம்பையோ குறளையோ எடுத்துக்கொள்வோம் என்று எதிர்பார்த்திருப்பார். நாமோ ஒரு டீசல் எஞ்சினைப் பற்றிப் பேச வந்து நிற்கிறோம். தமிழ் மேடையில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று எவரேனும் எண்ணினால் அவர்மேல் பிழையில்லை. ஆயினும் நம்மிற் பலரை மூட்டை முடிச்சுகளோடு இம்மலையடிவாரத்தில் கொணர்ந்து இறக்கியது அவ்வெஞ்சின்தான். இரவில் நம் குழந்தைகள் கேட்டு உறங்கியதும் அதன் முழக்கமே. அந்த உரிமையால் பேசுகிறோம்.

வாளையார் வழியாக இருப்புப்பாதை வந்தது நேற்றன்று. சென்னையையும் மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூரையும் இணைத்த பாதை 1862ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்திற்கு வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயன்றி அப்பாதைக்கு வேறு புகலிடம் இல்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இருபுறமும் சென்னை மாநிலமாகவே இருந்தது. அன்று விடிந்தபோது வாளையாறு எல்லையாயிற்று. பாதை மட்டும் எல்லையறியாது முன்போலவே கிடந்தது.

இப்பாதையில் நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தைப் பெரியோர் சிலர் நினைவு கூரலாம். அவற்றுக்குப் பின் வந்ததே நாம் ‘ஆல்கோ’ என்று செல்லமாக அழைக்கும் டீசல் எஞ்சின். அமெரிக்க லோகோமோட்டிவ் கம்பெனி என்னும் நிறுவனத்தின் சுருக்கப் பெயர் அது. இருப்புப்பாதைத் துறையார் இட்ட பெயர் ‘டபிள்யூ.டி.எம்.2’. 1962இல் முதல் எஞ்சின்கள் கப்பலேறி வந்தன. பின்னர் வாரணாசியில் தொழிற்சாலை எழுந்தது. அங்கு உருவான முதல் எஞ்சினை 1964 ஜனவரி 3ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் நாட்டுக்கு அர்ப்பணித்தார். பதினாறு சிலிண்டர்கள், 2,600 குதிரைத்திறன், சற்றேறக்குறைய 113 டன் எடை. பெற்றெடுத்த அமெரிக்கக் கம்பெனி 1969இல் எஞ்சின் செய்வதையே விட்டொழித்தது. வாரணாசியோ 1998 வரை அவ்வகையைச் செய்துகொண்டே இருந்தது. தாய் மறைந்த பின்னும் வளர்ப்பு வீட்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள்! 1996இல் இக்குடும்பத்து எஞ்சின்கள் சில இலங்கைக்கும் சென்றன. அங்கே அவற்றுக்கு ‘எம்8’ என்று பெயர். பிற்காலத்தில் 3,100 குதிரைத்திறன் கொண்ட தம்பிமார்களும் பிறந்தனர். மூத்த எஞ்சின்கள் பலவற்றைப் பஞ்சாபில் உள்ள பாட்டியாலாத் தொழிற்சாலையில் பிரித்துப் புதுக்கி, எண்ணின் பின்னே ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்து அனுப்பினர். ஆகவே ஒரே எண் இருவேறு தோற்றத்தில் நிழற்படங்களில் காணப்பட்டால் மயங்கவேண்டா.

இவ்வெஞ்சினின் அழகு அதன் குறையில் இருந்தது என்பது எம் கருத்து. ஓட்டுநர் கைப்பிடியை ஒரு படி ஏற்றியவுடன் எண்ணெய் மிகுதியாகப் பாய்ந்துவிடும். காற்றை உள்ளே தள்ளும் டர்போ சுழலி வேகம் பெறச் சிறிது நேரமாகும். இடைப்பட்ட அந்நேரத்தில் எரியாத எண்ணெய் கரும்புகையாகக் கூரையைப் பிளந்துகொண்டு எழும். வாளையார் நிலையத்தில் நின்ற சரக்கு வண்டி, எட்டிமடை நோக்கி ஏற்றத்தில் புறப்படும்போது அக்காட்சியைக் காண்போர் கண்ணிமைக்க மாட்டார். சலவை செய்த துணியைக் கொடியில் உலர்த்தியிருந்த தாய்மார்கள் மட்டும் வேறு விதமாகக் கருத்துரைப்பர்.

நண்பர் நால்வர் சேர்ந்து காமிராவுடன் புறப்பட்டது ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன். அப்பொழுதே வாளையார்ப் பாதையில் மின்சாரக் கம்பிகள் இருந்தன. ஆயினும் மங்களூர்ப் பக்கம் கம்பி போடப்படாதிருந்தமையால், அவ்வழிச் செல்லும் வண்டிகள் பல டீசல் எஞ்சினோடு இங்கே கடந்து சென்றன. சரக்கு வண்டிகளில் இரண்டு ஆல்கோக்களைச் சேர்த்துப் பூட்டியிருப்பர். 2018இல் நாட்டின் அகலப் பாதை முழுவதையும் மின்மயமாக்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. கொங்கண் பாதையும் 2022இல் மின்மயமாயிற்று. 36 ஆண்டு வாழ்வு விதிக்கப்பட்ட எஞ்சின்களுக்கு அதற்கு முன்பே ஓலை வந்துவிட்டது. நம் கண்முன் ஒவ்வோராண்டும் அவை குறைந்துகொண்டே வந்தன. குறையக் குறைய எம் ஆர்வம் மிகுந்தது.

இத்தகைய ஆர்வம் புதிதன்று. இங்கிலாந்தில் ‘வெஸ்டர்ன்’ என்னும் வகுப்பில் 74 டீசல் எஞ்சின்கள் இருந்தன. அவை 1977 பிப்ரவரியில் ஓய்ந்தன. லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே விரைந்த ‘டெல்டிக்’ எஞ்சின்கள் 22தான். அவற்றின் கடைசி வண்டி 1982 ஜனவரி 2ஆம் நாள் ஓடியது. இறுதி ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள் காமிராவும் கையுமாகப் பாதையோரங்களில் தவங்கிடந்தனர். ஒவ்வோர் எஞ்சினுக்கும் பெயர் உண்டு. பந்தயக் குதிரைகளின் பெயர், படைப்பிரிவுகளின் பெயர் எனச் சூட்டியிருந்தனர். இருபத்திரண்டு பேரையும் பெயர் சொல்லி அழைத்துப் படமெடுத்து வழியனுப்பினர். ஆறினைக் காப்பாற்றியும் வைத்துள்ளனர். நமக்கு வாய்த்தவை ஆயிரக்கணக்கில். மிகப் பெரும்பாலானவற்றுக்கு எண்ணே பெயர். எனினும் அவர்களைப் பார்த்தே நாமும் தொடங்கினோம் என்பதை ஒளிப்பானேன்?

நானூற்றுச் சொச்சம் படங்கள் சேர்ந்தன. எல்லாம் சிறந்த படங்கள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். காமிராக் கதவை நொடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கு திறந்தாலும் அது நான்கு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும் என்றெல்லாம் கணக்குப் போட்டு எடுத்தவை. கணக்கில் பிழையில்லை.

பிழை எங்கே என்பதைக் காட்டியவர் நம் காலனியைச் சேர்ந்த ஓர் அம்மையார். அவருடைய கணவர் பாலக்காட்டுக்கும் ஈரோட்டுக்கும் இடையே சரக்கு வண்டி ஓட்டியவர்; ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளில் மறைந்தார். காரியங்கள் முடிந்து ஒரு திங்கள் சென்றபின் அம்மையார் எம் இல்லத்துக்கு வந்தார்.

“தம்பி, நீங்க எஞ்சினை எல்லாம் போட்டோ பிடிச்சு வச்சிருக்கீங்களாமே. அவர் வண்டி ஓட்டற மாதிரி ஒண்ணு இருந்தாக் குடுங்க. வீட்டிலே கல்யாணப் போட்டோவும் ரேஷன் கார்டுப் போட்டோவுந்தான் இருக்கு” என்றார்.

மகிழ்ந்து ஆல்பங்களை எடுத்து விரித்தோம். ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினார். புகை இருந்தது, மலை இருந்தது, பனைமரம் இருந்தது. சன்னலில் எட்டிப் பார்க்கும் முகங்களும் சிலவற்றில் இருந்தன. இருபது பக்கம் புரட்டியபின் அம்மையார் நிமிர்ந்து பார்த்தார்.

“இதெல்லாம் அசிஸ்டெண்ட் பக்கம் தம்பி. அவர் அந்தப் பக்கமில்லே உக்காருவார்?”

எமக்கு நா எழவில்லை. நம் நாட்டில் ஓட்டுநர் அமர்வது இடப்புறம். வாளையார்ப் பாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கு நோக்கிச் செல்லும் வண்டிக்கு இடப்புறம் என்பது வடபுறம். ஆண்டின் பெரும்பகுதியும் கதிரவன் நமக்குத் தென்பால் நிற்பான். அவன் வடபால் சாயும் மாதங்களிலோ தென்மேற்கு மழை மூடிக்கொள்ளும். ஒளி வேண்டி நாம் எந்நாளும் பாதையின் தென்புறம் நின்றோம். ஓட்டுநரோ எஞ்சினின் மறுபுறத்தில், நிழலில் இருந்தார். மேற்கு நோக்கி இறங்கும் வண்டிகளில் ஓட்டுநர் தென்புறம், ஒளியிலேயே வந்திருப்பார். ஆனால் இறக்கத்தில் புகை வராது. புகையில்லாத வண்டிக்கு ஃபிலிமை வீணாக்குவானேன் என்று காமிராவை மூடி வைத்துத் தேநீர் குடித்தோம். நானூறு படத்திலும் வண்டியை ஓட்டிய மனிதர் இல்லாமற்போனதற்கு இதுவே காரணம். புகையைத் துரத்தினோம், புகையை எழுப்பிய கையை விட்டுவிட்டோம்.

அம்மையார் குறை சொல்லவில்லை. காப்பி அருந்திவிட்டு எழுந்து சென்றார். மறுநாள் திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு மஞ்சட் பை இருந்தது. அதனுள் ஏழெட்டுப் பழைய நாட்குறிப்புகள். ஓட்டுநர்கள் தாம் பணிக்குச் சென்ற நாள், வண்டி, எஞ்சின் எண், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் ஆகியவற்றைத் தமக்கென்று குறித்து வைப்பதுண்டு. படித்தொகைக் கணக்கில் ஐயம் வந்தால் அதுவே அவர்களுக்குச் சான்று. “இதிலே நம்பர் எல்லாம் இருக்கு. உங்க படத்திலேயும் நம்பர் இருக்கே, சேர்த்துப் பாருங்க” என்றார். காமிரா பிடித்த எமக்குத் தோன்றாத வழி அது.

மூன்று வாரம் இரவில் அமர்ந்து ஒத்துப் பார்த்தோம். அப்போதுதான் எமது சோம்பலின் விலை தெரிந்தது. எண் தெளிவாகத் தெரியும் படங்களுக்கு நாள் எழுதப்படவில்லை. நாள் பதிந்திருந்த ஒரு கட்டில் எல்லாப் படங்களும் 2006 ஜனவரி 1ஆம் நாள் எடுத்தவை என்று காமிரா சொல்லியது; அதன் கடிகாரத்தை நண்பர் ஒருவர் ஒருபோதும் சரிசெய்யவில்லையாம். (அவர் இதே மன்றத்தில் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் பெயர் கூறோம்.) நேர்முகமாக எடுத்த பல படங்களில் விளக்கின் ஒளி எண்ணை விழுங்கியிருந்தது. நாளும் எண்ணும் ஒருங்கே எழுதப்பட்டவை நூற்றுக்கும் குறைவு. அவற்றுள் மூன்று, நாட்குறிப்போடு ஒத்தன. நாள், எஞ்சின் எண், காலைப் பொழுது, கிழக்கு நோக்கிய சரக்கு வண்டி, எல்லாம் பொருந்தின. அம்மூன்றிலும் அவர் அப்புறத்தில் அமர்ந்திருந்தார்.

நிழற்படம் எடுக்கும் இளைஞர்கள் இன்று நம் காலனியில் பெருகிவிட்டனர். கைப்பேசி எல்லோரிடமும் உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். நிலையத்தில் எடுப்பதாயின் அதிகாரியிடம் கேட்டு எடுங்கள், வெளியே சாலையில் நின்று எடுங்கள், பாதைக்குள் இறங்காதீர்கள். அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டத்தின் 147ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். சட்டத்தினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே இரு தடங்களும் பிரிந்து செல்கின்றன. ‘பி’ தடம் காட்டை ஒட்டியது. அது யானைகளின் வழி. 2021 நவம்பர் 26ஆம் நாள் இரவு நவக்கரை அருகே ஒரே வண்டியில் அடிபட்டு மூன்று யானைகள் மாண்டதை நாம் மறக்கவில்லை. தமிழ்நாட்டு வனத்துறையார் 2024இல் மதுக்கரைப் பகுதியில் கோபுரங்கள் நாட்டி, யானை வருவதைத் தானே கண்டறிந்து எச்சரிக்கும் காமிராக்களை அமைத்துள்ளனர். யானை பாதையைக் கடந்தால் நாளும் நேரமும் பதிவாகின்றன. முப்பது ஆண்டு அப்பாதையில் வண்டி ஓட்டியவருக்கு மூன்று படம் தேட மூன்று வாரம் ஆயிற்று.

ஆல்கோக்கள் முற்றாக மறையவில்லை. எங்கேனும் ஒன்று, பணிமனை வேலைக்கோ பழுது வண்டிக்கோ, எதிர்பாராத நாளில் வந்து போகிறது. இப்போது நாம் வடபுறத்தில் நிற்கிறோம். படம் கறுத்துத்தான் விழுகிறது. பாதி நேரம் வானம் வெளுத்துப் போகிறது. ஆனால் முகம் தெரிகிறது. ஓட்டுநர்கள் சிலர் கையசைக்கவும் செய்கின்றனர்.

இனி வேண்டுகோள். இக்காலனியில் ஓட்டுநர், உதவி ஓட்டுநர், கார்டு, ஷெட்டில் ஃபிட்டர், பாதையில் கேங்மேன் என்று உழைத்தோர் வீடுகள் பல உள்ளன. பரணில் கிடக்கும் அவர்தம் நாட்குறிப்புகளைப் பழைய பேப்பர்க்காரருக்கு எடை போட்டுவிடாதீர்கள். போன பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது ஒரு வீட்டில் அவ்வாறு பன்னிரண்டு ஆண்டுக் குறிப்பு நான்கு கிலோவாகப் போயிற்று என்று கேள்வியுற்றோம். பெட்டியடியில் கிடக்கும் பழைய படங்களையும் எடுத்து வாருங்கள். எஞ்சின் ஓரமாக ஒரு கால்வாசி தெரிந்தாலும் போதும். ஷெட்டின் பெயரைக் குறிக்கும் எழுத்துகள் எஞ்சினின் பக்கவாட்டில் தீட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனி வண்ணமும் உண்டு. அவற்றைக்கொண்டு பாதிக்கதையைக் கண்டுபிடித்துவிடலாம். மீதிக்கதையை நீங்கள் சொல்ல வேண்டும்.

சிற்றுண்டிக்குப் பின் மேடையின் இடப்புறம் ஒரு மேசை போடப்படும். கொணரும் படங்களை அங்கேயே நகலெடுத்து உடனே திருப்பித் தருவோம். பின்புறம் பேனாவால் எழுதினால் மை ஊறிவிடுமாதலால், பென்சிலால் பெயரும் நாளும் எழுதித்தர நண்பர் இருவர் இருப்பர். முன்னே குறிப்பிட்ட அம்மையாரும் வந்துள்ளார். அம்மூன்று படங்களையும் பெரிதாக்கிச் சட்டமிட்டு அவரிடம் அளித்திருக்கிறோம். ஒன்றை மேசைமேல் வைக்க இசைந்துள்ளார். அதில் புகையும் மலையும் உதவி ஓட்டுநரின் முகமும் தெரியும். யார் கேட்டாலும், தம் கணவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பதை அம்மையாரே விரல் வைத்துக் காட்டுவார்.