கொடுக்கும் முன் கொடுக்க வேண்டியது



திருவண்ணாமலையில் வாழும் நமக்குக் கொடுப்பதைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானம் நடக்கிறது. பிறசமயச் சகோதரர்கள் அண்டா அண்டாவாகச் சாதம் கொண்டுவந்து, வருகிறவர் யார் எவர் என்று கேளாமல் கொடுக்கிறார்கள். நாமும் அந்தோணியார் நவநாளில் உண்டியலில் போடுகிறோம். தவக்காலத்தில் ஒருசந்தி இருந்து மிச்சம் பிடித்ததை ஏழைகளுக்கு அனுப்புகிறோம். நல்லதுதான்.

ஆனால் இதில் எது முதல், எது பிறகு என்று ஒன்று இருக்கிறது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட பொதுநிலையினரின் பணி பற்றிய ஆணை, 8-ஆம் எண்ணில் அதைத் தெளிவாகச் சொல்கிறது. நீதிப்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிட வேண்டும். அதையே அன்பளிப்பு என்று பேர் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தை மாதாமாதம் 10-ஆம் தேதி, 15-ஆம் தேதி என்று இழுத்துவிட்டு, கிறிஸ்துமசுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கிறோம். அது தர்மம் ஆகுமா? வட்டிக்குக்கூடக் காணாது. கூடையில் கீரை கொண்டுவரும் பாட்டியிடம் பேரம் பேசி 5 ரூபாய் குறைக்கிறோம். அதே 5 ரூபாயைக் கோவில் வாசலில் கை நீட்டுபவருக்குப் போடுகிறோம். உண்மையில் தர்மம் செய்தது யார்? அந்தப் பாட்டிதான். பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடும் என்று புனித யாக்கோபு தம் திருமுகத்தின் 5-ஆம் அதிகாரத்தில் எச்சரிப்பது பெரிய பண்ணையார்களுக்கு மட்டும் அல்ல.

நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையைப் பார்க்கிறோம். 1833-இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய தோழர்களும் தொடங்கியது. ஏழைகளின் வீட்டுக்கே போய்ச் சந்திப்பதுதான் அவர்கள் வழக்கம். ஏன் வீட்டுக்குப் போக வேண்டும்? காசைப் போட்டுவிட்டு நடந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே போய் ஒரு பாயில் உட்கார்ந்தால் வாடகைப் பாக்கி தெரியும், வாங்காத மருந்துச் சீட்டு தெரியும், வேலை வாங்கியவர் இன்னும் தராத கூலியும் தெரியும். சில வேளை அப்படி வேலை வாங்கியவர் நம் பங்கைச் சேர்ந்தவராகவே இருப்பார். அங்கேதான் நமக்குச் சங்கடம்.

2017 நவம்பர் 19, முதலாவது உலக வறியோர் நாள். அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் ஏறத்தாழ 1,500 ஏழைகளோடு ஒன்றாக அமர்ந்து மதிய உணவு உண்டார். நம் வீட்டில் வேலை செய்கிறவருக்குக் காபி எந்த டம்ளரில் போகிறது? கழுவிய பிறகு அது எங்கே கவிழ்க்கப்படுகிறது? அடுத்த முறை ஒப்புரவு அருட்சாதனத்துக்குத் தயாரிக்கும்போது, நம் ஆன்மசோதனையில் அந்த டம்ளரையும் சேர்த்துக்கொள்வோம்.